வால் ஆடாத கேரவன்

கேரவனை இழுத்துக்கொண்டு போய் டீக்கடை வாசலில் நிறுத்தினால் முதல் கேள்வி, "உள்ள யாரு சார், எந்த நடிகர்?" என்பதாகத்தான் இருக்கும். பண்ருட்டியில் ஒரு பையன் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேரே காத்து நின்றான். இறங்கியது எங்கள் அம்மா, கையில் பிளாஸ்க்கோடு.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. எங்கள் குலதெய்வம் விருத்தாசலம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே லாட்ஜ் கிடையாது, வெஸ்டர்ன் டாய்லெட் என்ற பேச்சே கிடையாது. பொங்கல் வைத்து, இரவு தங்கி, மறுநாள் காலையில்தான் கிளம்ப வேண்டும் என்பது வழக்கம். அதற்காகத்தான் இந்த ஒற்றை அச்சு கேரவன். கூடு மட்டும் பன்னிரண்டு அடி நீளம், வழக்கமான சாமான் ஏற்றிய பிறகு 1,100 கிலோ. இழுப்பது இசுசு வி-கிராஸ், பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்அப், ஃபோர் வீல் டிரைவ். நான் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். படகை டிரெய்லரில் ஏற்றி இறக்கிப் பழக்கம் உண்டு.

நடிகர் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும்: "வண்டி இழுக்குதா?" இழுக்கும். 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவை, ஒரு டன்னை இழுக்காமல் என்ன செய்யும்? நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி இருந்தால் அதிகம். அது பின்னால் ஒரு மலையையே இழுத்துக்கொண்டு போகிறது. கரும்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வால் தரையைத் தொடும், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். காரணம் வேகம். மணிக்கு 20 கிலோமீட்டரில் எப்படி ஏற்றினாலும் டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே பாரத்தை 80-ல் இழுத்துப் பார்த்தால்தான் ஏற்றியவனின் லட்சணம் தெரியும். சாலையில் கேரவன் ஆடுமா ஆடாதா என்பது ஸ்டியரிங்கில் முடிவாவது இல்லை. வீட்டு வாசலில், சாமான் ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது.

போன ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கிளம்புகிற அன்று விடியற்காலை மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, எல்லாக் காரியத்திலும் முன்னால் நிற்கிறவர். நான் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கேரவனின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து பொங்கல் சாமான் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். பித்தளை அண்டா, அதற்குள் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, போதாததற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. மொத்தம் 80 கிலோவுக்கு மேல் இருக்கும். அழகாகத்தான் அடுக்கியிருந்தார், கயிறு போட்டுக் கட்டி.

"மாமா, இதெல்லாம் பின்னாடி வேணாம்."

"ஏன்டா, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. ஒரு அண்டா அதை என்ன பண்ணிடப் போவுது?"

"இழுக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது மாமா. ஆடும்."

அவர் நம்பவில்லை. சரி என்று தராசை எடுத்தேன்.

என்னிடம் இருப்பது சாதாரண பாத்ரூம் தராசு, ஆள் ஏறி நின்று எடை பார்க்கிறது. அதோடு டோ பால், அதாவது கேரவனைக் கோக்க வண்டியின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டை, அதன் உயரத்துக்கு அறுத்து வைத்த சவுக்குக் கட்டை ஒன்று. கடலூரில் சவுக்குக்கா பஞ்சம்? சமதளத்தில் கேரவனின் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிட்டு, தராசின் மேல் கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கேரவனின் கொக்கி உட்காரும்படி, தனியாக நிற்கும்போது கேரவனின் மூக்கைத் தாங்குகிற சின்ன முன்சக்கரத்தை மெல்லச் சுற்றித் தூக்க வேண்டும். முன்சக்கரம் தரையை விட்டதும் தராசில் தெரிகிற எண்தான் மூக்குப் பாரம், அதாவது வண்டியின் கொக்கி தாங்கப்போகிற எடை. மாமா கை வைப்பதற்கு முன்னால் அது 110 கிலோ. அவர் அடுக்கிய பிறகு 60.

கேரவனின் மொத்த எடை கூடியிருக்கிறது, மூக்குப் பாரமோ பாதிக்குப் பக்கமாகக் குறைந்திருக்கிறது. மாமா தராசைக் குனிந்து பார்த்தார். கெட்டுப்போயிருக்கும் என்றார். ஏறி நின்று தன் எடையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். கேரவன் அச்சின் மேல் நிற்கிற ஏற்றம் மாதிரி. பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் மூக்கைத் தூக்கும். என் கேரவனில் அச்சிலிருந்து கொக்கி 3.6 மீட்டர், பின்பெட்டி 2.2 மீட்டர். பெட்டியில் ஒரு கிலோ வைத்தால் மூக்கில் 600 கிராம் குறையும். 80 கிலோ வைத்தால் ஐம்பது போய்விடும். தராசு பொய் சொல்லவில்லை.

மூக்குப் பாரம் எவ்வளவு இருக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியாவில் லேண்ட் குரூசர் மாதிரி வண்டியில் இரண்டு, மூன்று டன் கேரவனை இழுப்பவர்கள் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். ஐரோப்பாவில் கார்களின் கொக்கி பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரைதான் தாங்கும், அதனால் அங்கே ஐந்து முதல் ஏழு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், கேரவனையும் அதற்கேற்றபடி கட்டுகிறார்கள். நான் பத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். நம் சாலையையும் நம் பஸ் டிரைவர்களையும் நினைத்தால் அதற்குக் கீழே போக மனம் வரவில்லை.

மூக்கில் பாரம் குறைந்தால் என்ன ஆகும்? காற்றோ பள்ளமோ கேரவனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் இடது பக்கம் போகும், திரும்பி வலது பக்கம் வரும். ஒழுங்காகப் பாரம் ஏற்றியிருந்தால் அடுத்த ஆட்டம் முந்தையதைவிடச் சின்னதாக இருக்கும், இரண்டு மூன்று வீச்சில் அடங்கிவிடும். பின்பாரம் கூடினால், ஒரு வேகம் வரைக்கும் இப்படி அடங்கும். அந்த வேகத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். கேரவன் ஆடும்போது கொக்கி வழியாக வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். வண்டியும் கேரவனும் மடங்குவது, குப்புற விழுவது எல்லாம் அதற்கப்புறம்தான். எந்த வேகத்தில் அந்த எல்லை என்று மீட்டரில் எழுதியிருக்காது. ஏற்றியிருக்கிற பாரம்தான் அதை மேலேயும் கீழேயும் நகர்த்துகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூக்குப் பாரம் சரியாக வர வேண்டுமென்று பின்னால் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, முன்பெட்டியிலும் அதற்கு ஈடாக அடைக்கிறார்கள். தராசில் 110 வரும். ஆனால் பாரம் இரண்டு முனையிலும் இருக்கிறது. ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். அச்சிலிருந்து அரை மீட்டரில் இருக்கிற 20 கிலோவை இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோனால், தூரம் நான்கு மடங்கு, ஆட்டத்தை நிறுத்த வேண்டிய வேலை பதினாறு மடங்கு. கனமானது எல்லாம் தரையோடு தரையாக, அச்சுக்கு மேலே அல்லது கொஞ்சம் முன்னால். மேல் அலமாரியில் தலையணையும் பிஸ்கட் பாக்கெட்டும் போதும்.

அண்டாவும் அரிசியும் அடுப்பும் வி-கிராஸின் பின்தட்டில் முன்பக்கமாக, கேபினை ஒட்டி ஏறின. தண்ணீர் கேன்கள் கேரவனுக்குள் அச்சுக்கு நேர் மேலே தரையில், நகராதபடி வார் போட்டு. திரும்ப எடை போட்டோம். போட்டது மாமா. 110-ஐ ஒட்டி வந்ததும், "இப்ப போலாம்" என்று அவரே உத்தரவு கொடுத்தார்.

மூக்கில் பாரம் வேண்டும் என்று சொன்னேன், அந்தப் பாரம் இழுக்கிற வண்டிக்கு இலவசம் இல்லை. கொக்கி பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, என் வண்டியில் சுமார் 1.25 மீட்டர். அங்கே 110 கிலோ தொங்கினால் பின் அச்சுக்கு 110 இல்லை, 155 கிலோ போகும். கூடுதல் 45 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. முன்சக்கரத்தில் அந்த அளவு பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவன் டிம் அடித்தால் கோபப்படாமல் ஹெட்லைட் உயரத்தைக் குறைக்கிற குமிழைத் திருப்புங்கள். வி-கிராஸின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 3,095 மில்லிமீட்டர், அதனால் சமாளிக்கிறது. மஹிந்திராவின் மூன்று கதவு தார் ஜீப்புக்கு 2,450 மில்லிமீட்டர்தான். அதே கேரவன் அதே நீட்டலில் அதன் மூக்கை இன்னும் அதிகமாகத் தூக்கும், ஆட்டினால் சீக்கிரம் ஆடும். தார் காட்டில் ராஜா, ஆனால் கேரவன் இழுக்க வண்டி வாங்கப் போகிறவருக்கு நான் நீளமான வண்டியைத்தான் காட்டுவேன்.

கேரவனைக் கோத்த பிறகு ஒரு பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். தரைக்குச் சமமாக, இல்லையென்றால் மூக்கு ஒரு பிசிறு தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு நிமிர்ந்து நின்றால் டோ பாரின் உயரத்தைக் குறைக்க வேண்டியதுதான். பின்டயர்களுக்குக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழு லோடுக்கு என்று போட்டிருக்கிற காற்று, கேரவன் டயருக்கு அதற்குரிய காற்று. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளியும், அந்த நெளிவே பாதி ஆட்டம். சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்கே போட வேண்டும், கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போலத் தாங்கும். கேரவன் அறுந்து போனால் தானாகப் பிரேக் பிடிக்கிற கம்பியைச் சங்கிலியோடு மாட்டாமல் வண்டியின் உடலில் தனியாக மாட்டுங்கள்.

இனி பிரேக். கேரவனுக்கு மின்சார பிரேக் இருக்கிறது, டேஷ்போர்டுக்குக் கீழே கட்டுப்பாட்டுப் பெட்டி, அதில் கையால் அழுத்துகிற ஒரு நெம்பு. கிளம்பியதும் ஆள் இல்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நெம்பை மட்டும் முழுசாக அழுத்திப் பார்ப்பேன். கேரவன் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும், ஆனால் அதன் சக்கரம் தேய்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி நின்றால் அளவைக் குறைக்க வேண்டும், ஒன்றும் தெரியாவிட்டால் கூட்ட வேண்டும். பாரம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். பலர் ஒரு தடவை வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள்.

அந்த நெம்பு எதற்கு என்பது மரக்காணத்தில் தெரிந்தது. அது வேறொரு பயணம். மாமல்லபுரம் போவதற்காக புதுச்சேரி, காலாப்பட்டு தாண்டி ஈசிஆரில் போய்க்கொண்டிருந்தோம். உப்பளம் வந்ததும் இரண்டு பக்கமும் மரமோ சுவரோ கிடையாது. மதியம் தாண்டிய நேரம், வலது பக்கத்திலிருந்து கடல் காற்று. 75-ல் போகிறேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறியது. பெரிய பஸ் பக்கத்தில் வரும்போது அதன் மூக்கு தள்ளுகிற காற்று முதலில் கேரவனின் வாலை இடது பக்கம் தள்ளும். பஸ் நீளத்துக்கும் கடல் காற்று மறைந்துவிடும், கேரவன் பஸ்ஸை நோக்கி இழுபடும். பஸ் கடந்ததும் மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து அறையும். இவ்வளவும் மூன்று நான்கு விநாடிக்குள். இடது கண்ணாடியில் கேரவனின் ஜன்னல் ஓரம் தெரிந்தது, சாதாரணமாக அது தெரியாது. உடனே அது மறைந்து வலது கண்ணாடியில் தெரிந்தது. சீட்டில் இடுப்புக்குக் கீழே வண்டி நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு.

இங்கே கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. வண்டி முன்னால் வேகம் குறைய, ஆடுகிற கேரவன் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி ஆட்டத்தைச் சரிக்கட்டவும் கூடாது. நம் கை எப்போதும் அரை விநாடி தாமதம், நாமே ஆட்டத்தைக் கூட்டிவிடுவோம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் பிரேக்கை மட்டும் அந்த நெம்பால் அழுத்த வேண்டும். பின்னால் இருப்பது இழுபட்டால் நேராகும். அன்றைக்கு இரண்டு வீச்சில் அடங்கியது. பின்சீட்டில் அம்மா, "என்னடா பள்ளமா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன்.

வேகத்தைப் பற்றி என்னோடு வாதாட வருகிறவர்கள் உண்டு, நான்குவழிச் சாலையில் எதற்கு 75, 80 என்று. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல். ஆட்டமும் அங்கேதான் காத்திருக்கிறது. சென்னைக்கு அரை மணி நேரம் முன்னால் போய் என்ன செய்யப் போகிறோம்?

இவ்வளவு சொல்லியும் ஃபோர் வீல் டிரைவைப் பற்றிப் பேசவில்லை. ஏனென்றால் தார்ச்சாலையில் அதற்கு வேலையே இல்லை. என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற பல்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும், ஆனால் ஃபோர் ஹையில், அதாவது நாலு சக்கரமும் சாதாரண கியர் வேகத்தில் இழுக்கிற நிலையில், இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறோம். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும், திருப்பவே கஷ்டமாகும். நாலு சக்கரமும் இழுத்தால் ஆட்டம் நிற்கும் என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். நிற்காது. இழுக்கிற சக்கரங்களின் எண்ணிக்கை கேரவனின் வாலுக்குத் தெரியாது.

கோயிலுக்கு முன்னால் இருக்கிற ஏரிக்கரைப் பாதைதான் ஃபோர் வீல் டிரைவின் இடம். மழை பெய்தால் களிமண், டூவீலர்கூடச் சறுக்கும். அங்கே நுழைவதற்கு முன்னாலேயே, சிக்கிய பிறகு இல்லை, ஃபோர் ஹை. நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக. அப்புறம் கேரவனைப் புளியமரத்தடியில் ரிவர்ஸில் நுழைக்க ஃபோர் லோ, நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கிற கியர். அதில் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே நகரும், கிளட்ச் வாடை அடிக்காது. ஈரமண்ணாக இருந்தால்தான் அதுவும். தரை கெட்டியாக இருந்தால் திருப்பங்களில் அதே முறுக்கல் வரும்.

ரிவர்ஸ் எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கரும்பு டிராக்டர் டிரைவர். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி என்றார். கை எந்தப் பக்கம் போகிறதோ வால் அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான் பாடம். மீதி எல்லாம் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வருகிற பொறுமை. பின்னால் நின்று "வா, வா, வா" என்று கத்துகிறவர்களை நம்பாதீர்கள். சுவரில் இடித்த பிறகுதான் "நில்லு" வரும்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதை இழுத்துக்கொண்டு ஏற வேண்டாம், அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வண்டியில் மட்டும் போங்கள். மற்ற சரிவுகளில் இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும், பிரேக் சூடாகாமல் கடைசிவரை கைவசம் இருக்கட்டும். கிராமங்களில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் இருக்கின்றன, இரவில் அவை தெரியாது. ஏறி இறங்கும்போது கொக்கியில் விழுகிற அடி இடுப்பெலும்பு வரை கேட்கும். அதனால் இருட்டில் இழுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஆவணம்: கேரவன் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், அதற்கென்று தனி நம்பர் பிளேட். என்னுடையது வண்டியும் கேரவனும் இரண்டுமே டிஎன் 31. பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் வண்டியோடு சேர்ந்து எரிய வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லை தாண்டும்போது டீசலை அங்கேயே நிரப்பிக்கொள்வேன், விலை குறைவு.

வழியில் நிறுத்தும்போதெல்லாம் கேரவன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் தீர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. முதுநகரில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிறுத்தி வைக்கிறேன். உப்புக்காற்று பிரேக் டிரம்மைத் தின்கிறது, கொக்கியின் தாழ்ப்பாள் துருவேறி முழுசாகப் பூட்டாமல் போகும். பூட்டியது போலத் தெரியும். அதனால் கோத்ததும் கேரவனின் சின்ன முன்சக்கரத்தைச் சுற்றி, வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் தூக்குகிற வரை பார்ப்பேன். கழலாவிட்டால் பூட்டியிருக்கிறது.

டயர் விஷயத்தில் கேரவனுக்கும் காருக்கும் கணக்கு வேறு. கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே வயதாகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருஷம். போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறது, ஆனால் 2318 என்று போட்டிருக்கிறது, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். தை பிறப்பதற்குள் மாற்ற வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து மூன்று. மாமா இரண்டு போதாதா என்கிறார்.